மரத்திற்கு மெருகு

வீட்டிலேயே மேசை செய்யும் நண்பர்கள் பலர், இழைப்பதில் காட்டும் பொறுமையை மெருகிடுவதில் காட்டுவதில்லை. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மர ரேகையின் போக்கிலேயே மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். முதற்பூச்சு காய்ந்ததும் மரநார்கள் சிலிர்த்து நிற்கும். நுண்ணிய உப்புத்தாளால் அவற்றை வருடிவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

ஓசூரின் பனிக் காலையில் இவ்வேலை ஆகாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. காற்றின் ஈரம் படிந்து வெண்மை பூக்கும். வெயிலேறிய பின் தொடங்குவதே நன்று.

கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைத் தொழிலாளர்க்கு ஸ்பிரிட்டே தேவையில்லை. கடைசலில் சுழலும் வெட்பாலை மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படிகிறது. பிறகு தாழை ஓலையால் மினுக்குகின்றனர். தட்டையான மேசைப் பலகைக்கு அந்த வசதி ஏது!

இன்னொன்று: அரக்குப் பூச்சின்மேல் சூடான காப்பித் தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். உணவு மேசைக்கு வார்னிஷே ஏற்றது.