ஹெர்மிஸ் துயிலும் நீரிலே

கோடை விடுமுறைக் காலத்திலே மட்டக்களப்பில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அது ஓய்ந்திருக்கும் விடியற்பொழுதில் கடல் குளத்தைப் போல் அமைதியாகக் கிடக்கும். அத்தகைய ஒரு விடியலிலே முகத்துவாரத்திலிருந்து இயந்திரப் படகொன்றிற் குடும்பமாகப் புறப்பட்டோம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் தமக்கை மகனின் விருப்பம் அது. அவர் தேர்ந்த சுழியோடி. உறவினரைக் காண்பதற்கல்ல, ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் காணவே அவர் ஊர் வந்தாரென்று என் மனைவிக்கு ஒரு குறை.

உல்லாசப் பயணத்துக்கு வேண்டிய யாவும் படகில் இருந்தன: கட்டுச்சோறு, தேநீர், சின்ன மகளின் நீச்சற் கண்ணாடி. அக்கண்ணாடியை அணிந்து குனிந்தால் கப்பல் தெரியுமென்று அவள் நம்பியிருந்தாள்.

கரை ஒரு கோடாய்ச் சுருங்கிய பின் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

“இதுக்குக் கீழதான் கிடக்கு, சேர்.”

குனிந்து பார்த்தோம். நீலம், அதற்கும் கீழே நீலம். கப்பல் கிடப்பதோ 53 மீற்றர் ஆழத்தில். பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு வகுக்கப்பட்ட எல்லையே 40 மீற்றர்தான். உள்ளூர்ச் சுழியோடிகள் இருவருடன் மருமகன் நீருள் இறங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹெர்மிஸ். 1919இல் நீரில் இறக்கப்பட்டது. 1942 ஏப்ரிலில் யப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்கியபோது அது திருகோணமலையில் நின்றது. துறைமுகத்தில் நிற்பது ஆபத்தென்று 8ஆந் திகதி இரவு அதைத் தெற்கே அனுப்பினார்கள். அவ்வேளை அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை! மறுநாட் காலை திரும்பி வருகையில் எதிரியின் உளவு விமானம் கண்டுவிட்டது. பத்தரை மணியளவில் தொடங்கிய குண்டுவீச்சில் ஏறத்தாழ இருபது நிமிடத்துள் கப்பல் மூழ்கிற்று. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். துணைவந்த வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் உடன் மூழ்கியது. உயிர் தப்பியோரில் பெரும்பாலோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. இரத்மலானையிலிருந்து விரைந்த விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பதற்குக் கப்பல் இல்லை.

இவை நூல்களில் உள்ளவை. என் அம்மம்மா சொன்னது வேறு. மேகமற்ற பங்குனி வானத்திலே இடி கேட்டதாம். சித்திரைப் புத்தாண்டுக்கு இடித்துவைத்த மாவை அப்படியே விட்டு, கைக்குழந்தையாயிருந்த என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தோணியேறிப் படுவான்கரைக்கு ஓடினாராம். “யாரோ பெத்த பிள்ளைகள்” என்பதற்கு மேல் அவர் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசியதில்லை.

மருமகன் அடியில் நின்றது இருபது நிமிடத்திலுங் குறைவு. மேலே வருவதற்கோ ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆழத்தின் அழுத்தத்தில் வாயு குருதியிலும் தசையிலும் கரைந்துவிடும். அது மெல்ல வெளியேறுவதற்காகக் கயிற்றைப் பிடித்தபடி இடையிடையே நின்று நின்றே ஏறவேண்டும்; அவசரப்பட்டால் அவ்வாயு உடம்பினுள்ளே குமிழிகளாகி ஆளையே முடக்கிவிடும். இதையெல்லாம் முன்னரே விளக்கியிருந்தார். ஆயினும் நீர்மேல் வெடித்த குமிழிகளை என் மனைவி எண்ணிக்கொண்டேயிருந்தார். பேரன் வயதுப் பையன்கள் எத்தனை பேர் அன்று இதே நீரில் நீந்தியிருப்பார்கள் என்று படகோட்டி மெல்லச் சொன்னார். எவரும் மறுமொழி கூறவில்லை.

மேலே வந்ததும் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், பவளம் படிந்த பீரங்கியையும் அதைச் சுற்றித் திரிந்த மீன்கூட்டத்தையும் சொன்னார்.

“ஒரு கதவு திறந்து கிடந்தது, மாமா. நான் உள்ள போகல்ல.”

“ஏன் மச்சான் போகல்ல? ஆக்கள் இருக்காங்களா?” என்றாள் மகள்.

அவர் அவளுடைய நீச்சற் கண்ணாடியை வாங்கி, அதிலிருந்த நீரைத் துடைக்கத் தொடங்கினார்.

எல்லோருக்கும் பசி. நான் கட்டுச்சோற்றுப் பொதியை எடுத்தேன்.

“இஞ்ச வேணாம்” என்றார் மனைவி.

முகத்துவாரத்துக்கு மீண்டு, சவுக்குமர நிழலிலேதான் இலையை விரித்தோம்.