கிடேரிக்குத் தகப்பன் யார்?

(கட்டுத்தரைக் கதைகள் – தொடர்)

சங்ககிரியில் லாரி பெருகப் பெருக வண்டி மாடு குறைந்தது. ஏர், பாரவண்டி, கவலை என்று காங்கேயமும் ஆலம்பாடியும் இழுத்த பாட்டையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டது. இன்று கட்டுத்தரைகளில் நிற்பவை பாலுக்கான கருப்பு வெள்ளைக் கலப்பின மாடுகளும், ஊர்வாயில் ‘சிந்து’ ஆகிப்போன ஜெர்சிக் கலப்பும்தான். மாடு கத்தினால் பொலிகாளையைத் தேடுவாரில்லை. போன் போட்டால் ஊசி போடுகிறவர் வருகிறார். மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் உறைந்து கிடந்த விந்துக் குச்சி அவர் கையில்.

அந்தக் குச்சிக்குள் இருப்பது யாருடைய வம்சம்?

1962-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. பெயர் பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப். அதற்கு மகள்கள் மட்டும் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். அமெரிக்க ஹோல்ஸ்டீன்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 14 சதவீதம் இந்த ஒற்றைக் காளையிலிருந்து வந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல், அந்நாட்டில் ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் ஆண் வழியைத் துருவினார்கள். அநேகமாக எல்லாமே இரண்டு காளைகளில் போய் முடிந்தன: ஒன்று சீஃப், மற்றொன்று 1965-ல் பிறந்த எலிவேஷன்.

சீஃப் பாலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அதன் உடம்பில் பழுதான மரபணு ஒன்றும் இருந்தது. ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் கன்றுக்குக் கேடில்லை. தாய், தகப்பன் இருவழியிலும் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழியும். உலகம் முழுவதும் 5 லட்சம் கருக்கள் இப்படிக் கலைந்தன, நஷ்டம் 42 கோடி டாலர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. சீஃபால் கூடிய பாலின் மதிப்போ 3,000 கோடி டாலர். வியாபாரக் கணக்கில் லாபம்தான். சினை நிற்காத மாட்டைக் கட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கால் ஆவதொன்றுமில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்துக் கலப்பின மாடுகளில் நாட்டு ரத்தமும் ஓடுவதால், சீஃபின் கதை அப்படியே இங்கு நடந்துவிடாது. இங்குள்ள ஆபத்து அதைவிடச் சாதாரணமானது. ஒரு காளையின் ஊசியில் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது, அதே காளையின் குச்சியே மறுபடி வந்து சேரலாம். தகப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் கன்றின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஒரே தகப்பனுக்குப் பிறந்து தாய் மட்டும் வேறானவை சேர்ந்தால் 12.5 சதவீதம். சினைப் பிடிப்பு, கன்றின் திடம், பால் எல்லாமே இதில் அடிவாங்கும். பெண் எடுக்கும்போது என்ன கூட்டம் என்று விசாரிக்காமல் அடுத்த பேச்சுக்குப் போகாத கொங்கு நாடு, கிடேரிக்கு ஊசி போடும்போது மட்டும் தகப்பன் பெயரைக் கேட்பதில்லை!

நாட்டு மாடானால் தப்பித்தோம் என்பதும் இல்லை. ஊருக்கு ஒன்றாக எஞ்சிய காங்கேயம் பொலிகாளை நாலைந்து வருடம் அங்கேயே நின்றால், அது சேர்வது தன் மகள்களோடுதான்.

விந்து நிலையங்கள் காளைகளுக்குப் பரம்பரை நோய்ச் சோதனை செய்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் தெரிந்த பழுதைத்தான் சோதனை காட்டும். உறவுமுறையை விவசாயிதான் பார்க்க வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒவ்வொரு குச்சியின் மேலும் காளையின் எண் அச்சாகியிருக்கிறது. ஊசி போட்டதும் குச்சியைக் குப்பையில் போடாமல் வாங்கி, அந்த எண்ணையும் தேதியையும் மாட்டின் காதுத் தோட்டிலுள்ள 12 இலக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிடேரி முதல்முறை கத்தும்போது நோட்டை எடுத்துக் காட்டி, வேறு காளையின் குச்சி வேண்டும் என்று கேளுங்கள்.