சுடுசோறும் லஞ்ச் சீட்டும்

தெரணியகலையில் மழை பிடித்தால் இலேசில் விடாது. மலை சரியும் என்ற பயத்தில் லயத்தையும் காணியையும் விட்டுப் பாடசாலையில் போய்த் தங்கினால், முதலில் கைக்கு வருவது சோற்றுப் பார்சல்தான். சுடுசோறு லஞ்ச் சீட்டில், பருப்புக்கறி பொலித்தீன் பையில், சில வேளை தேத்தண்ணீரும் பையில். 1989இலும் 2016இலும் கேகாலை மாவட்டம் இதைக் கண்டது. அன்போடு கொடுப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கிழமைக்கணக்கில் அதையே உண்ணும் தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி: பொலித்தீனிலிருந்து சோற்றில் ஏதாவது இறங்குமா?

இறங்கும். எது, எவ்வளவு என்பதுதான் விடயம். பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. லஞ்ச் சீட் பெரும்பாலும் பொலிஎதிலீன். அதை மென்மையாக்கத் தலேற்று என்ற இரசாயனம் தேவையில்லை. தலேற்று கூடுதலாக இருப்பது வளைந்து கொடுக்கும் பி.வி.சி.யில். ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஸ்டைரீன் கசியலாம். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சாயம் போட்டுச் செய்த பையில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட நேரம் ஆகிய நான்கும் கசிவைக் கூட்டும். ஒரு பார்சலால் நோய் வந்துவிடாது. கர்ப்பிணிகளும் பாலகர்களுமே நமது கவலை. ஏனெனில் இவற்றில் சில உடலின் ஓமோன்களைக் குழப்பக்கூடியவை.

பிஸ்பீனோல் ஏ அப்படிப்பட்ட ஒன்று. கெட்டியான பால் போத்தல்களிலும் தகரப்பேணிகளின் உட்பூச்சிலும் பயன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பால் போத்தல்களில் அதைத் தடுத்தது. 2023இல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒருவர் நாளாந்தம் உட்கொள்ளத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவுப் பொதிகள் அனைத்துக்கும் தடை தீர்மானமானது. எல்லா நாட்டு நிபுணர்களும் இக்கணக்கை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, செப்டெம்பர் முதல் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. அது குப்பையை நினைத்துப் போட்ட சட்டம், சோற்றை நினைத்தல்ல. ஆகவே 'உக்கும்' என்று அச்சடித்த சீட்டைக் கண்டு, சுடுசோற்றுக்கு நல்லதென்று எண்ண வேண்டாம். உக்குவது வேறு, உணவுக்கு ஏற்றது வேறு.

லஞ்ச் சீட்டைவிட நாம் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. புல்லுக்கும் பூச்சிக்கும் அடித்த மருந்துக் கேனைக் கழுவிக் குடிதண்ணீர் பிடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மருந்து பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறிப்போகும். சவர்க்காரம், சாம்பல், வெந்நீர் எதுவும் அதை முழுதாக எடுக்காது. பெயின்ட் வாளியும் அப்படியே. அந்தக் கேனை ஓட்டை போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுக்காதபடி. ஈரவிறகு பற்றவைக்கப் பொலித்தீனைக் கொளுத்துவதும் வேண்டாம். அந்தப் புகை அடுப்பங்கரையிலிருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும்.

இலைக்கு நமது பக்கத்தில் பஞ்சமில்லை. வாழையிலையை நெருப்பில் வாட்டினால் கிழியாது. ஹலப்பை அவிக்கும் கெந்த இலை வேலியோரத்தில் நிற்கிறது. பாக்கு மட்டையில் சோறு கட்டியது நமது பாட்டன் காலத்தில் சாதாரணம். சீட்டுத்தான் கிடைத்ததென்றால் சோற்றைச் சற்று ஆறவிட்டுக் கட்டச் சொல்லலாம். கைக்கு வந்ததும் தட்டில் கொட்டலாம். ஆனால் சோற்றை மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்; கெட்டுப்போன சோறு பொலித்தீனைவிடச் சீக்கிரம் ஆளை வீழ்த்தும்.

நிவாரணம் கொண்டுவருவோர் என்ன வேண்டுமென்று கேட்டால், முகாம் குழுவினர் அரிசி, பருப்பு, பெரிய கிடாரம் ஒன்று, ஆளுக்கொரு தட்டு, மூடியுள்ள தண்ணீர்க் கேன் என்று எழுதிக் கொடுங்கள். கடைச் சாப்பாட்டில் சந்தேகமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பார்சலைப் பிரித்த நிலையிலேயே அவருக்குக் காட்டுங்கள்.