கைப்பேசிப் பணத்தைப் பாங்கிக் கணக்கில் விரைவாய்ச் சேர்க்கும் முறை

நெல் விற்ற குடியானவர் ரொக்கத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட காலம் பெரிதும் மாறிவிட்டது. இப்பொழுது வியாபாரி களத்தில் நின்றபடியே கைப்பேசி வழியாய்த் தொகையை அனுப்பிவிடுகிறார். பணம் வந்தது வாஸ்தவமே. எங்கே வந்தது என்று விசாரிப்பவர் சிலர். சங்கத்துக் கடன் தவணைக்கு ஒரே நாள் மிச்சமிருக்கையில்தான் அவ்விஷயம் பலருக்கு விளங்குகிறது.

தவணை தவறுதல் அற்ப நஷ்டமன்று. கிஸான் கடன் அட்டையின்பேரில் 7 சதவீத வட்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரையில் பெறும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் அடைப்பவருக்கு, 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. லட்ச ரூபாய்க்கு வருஷம் 3,000 ரூபாயாகிறது. ஏறக்குறைய இரண்டு மூட்டை நெல்லின் கிரயம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, கெடுவுக்குள் கட்டுவோருக்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லை.

கைப்பேசிச் செயலிகளில் பணம் இரு விதமாய் வரும். 2016-இல் ஏற்பட்ட யு.பி.ஐ. முறையில் பணம் செயலியில் தங்குவதேயில்லை. நேரே பாங்கிக் கணக்கில் வரவாகிறது. ஆகையால் அதனை மாற்றவேண்டிய வேலையுமில்லை. மற்றொன்று ‘வாலட்’ என்னும் பணப்பை. இதிலுள்ள தொகை கம்பெனியின் வசமிருப்பது. பாங்கிக் கணக்கிற்கு அதைத் தனியே மாற்றியாகவேண்டும். இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதுண்டாகையால், படித்தவர்களும் மயங்குகிறார்கள்.

பணப்பையிலிருந்து மாற்றுவதற்கு முதலில் அடையாளப் பத்திரங்கள் பூரணமாய்ப் பதிவாகியிருக்கவேண்டும். 2021-இல் ரிஸர்வ் பாங்கி வெளியிட்ட விதிகளின்படி, சொற்ப விவரங்களோடு திறந்த 10,000 ரூபாய்ப் பையிலிருந்து பாங்கிக்குப் பணம் அனுப்ப இயலாது. கடைகளில் செலவிடலாம், அவ்வளவே. பூரணப் பதிவுள்ள பையிலும், முன்கூட்டியே பதிவு செய்யாத கணக்கிற்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் செல்லாதென அவ்விதிகள் கூறின. ஆகவே கணக்கு எண்ணையும் பாங்கிக் கிளையின் ஐ.எப்.எஸ்.ஸி. குறியையும் அறுவடைக்கு முன்னரே பதிந்து வைப்பது உசிதம். மாற்றுவதற்குச் சில கம்பெனிகள் கட்டணமும் பிடிக்கின்றன. பொத்தானை அழுத்துமுன் அதையும் பார்த்துக்கொள்க.

பாங்கிக்குப் பாங்கி அனுப்புகையில், 2010-இல் தொடங்கிய ஐ.எம்.பி.எஸ். முறையிற் பணம் சில விநாடிகளில் சேரும். நெப்ட் முறை அரைமணிக்கொரு தொகுப்பாய்ச் செல்வது. 2019 டிசம்பர் முதல் இரவிலும் விடுமுறையிலும் நடைபெறுகிறது.

ஒரு கணக்கில் பற்றாகி மறு கணக்கில் வரவாகாவிடில் கலங்கவேண்டுவதில்லை. யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். இரண்டிலும் மறுநாளைக்குள் தொகை தானே திரும்பவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என ரிஸர்வ் பாங்கி 2019-இல் உத்தரவிட்டது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு பாங்கியில் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். அவசரத்தில் அதே தொகையை மறுபடி அனுப்பிவிட்டுத் தவிப்போர் அநேகர்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையேயில்லை. ‘உங்கள் பணம் சேர எண்ணைப் பதியுங்கள்’ என எவன் சொன்னாலும் அவன் மோசக்காரன். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணிற்கு உடனே தெரிவிக்கவேண்டும். தொகை வேறிடம் போகுமுன் தடுக்க அன்றைய முதல் சில மணி நேரமே உதவும்.