புகைக்கு முன்னே ஓர் எச்சரிப்பு

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, மூணாற்றுக்கு அருகே உள்ள கொழுக்குமலையிலிருந்து இறங்கும் தமிழகச் சரிவில், குரங்கணிக் காட்டில் தீ பற்றியது. மலையேற்றத்திற்காகச் சென்னையிலிருந்தும் கொங்குநாட்டிலிருந்தும் சென்றிருந்தோர் அதில் அகப்பட்டனர். 23 பேர் மாண்டனர். அவர்களில் பலர் இளம்பிராயத்தினர்.

காட்டுத்தீயை முன்கூட்டியே அறிய வழி உண்டா? டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு வனத்துறைகளுக்குத் தெரிவித்து வருகிறது. ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாளில் சில வேளைகளில் மட்டுமே நம் மலைகளைக் கடந்து செல்கின்றன. மரநிழலில் கனன்றுகொண்டிருக்கும் சருகு அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடும்.

சுவாலை எழும்புமுன்னே, கனலும் சருகு ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களை வெளிவிடுகிறது. வாயு உணர்கருவி இவற்றையே மோப்பம் பிடிக்கிறது. அதனுள் சூடேற்றப்பட்ட உலோக ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. இவ்வாயுக்கள் அதன்மேல் படும்போது அதன் மின்தடை மாறுகிறது. ஜெர்மனியின் டிரையாட் நிறுவனம் இத்தகைய கருவிகளை மரங்களில் பொருத்துகிறது. அவை சூரிய ஒளியால் இயங்கி, வானொலி அலைகளால் செய்தி அனுப்புகின்றன.

எனினும் கருவி தன் அருகே வரும் காற்றை மட்டுமே அறியும். வாகனப் புகையும் மலைமூடுபனியின் ஈரமும் அதைக் குழப்பக்கூடும். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறுவதால், அங்கே சில நிமிடங்களே கிடைக்கும். ஆகவே எச்சரிப்பைக் கேட்க விழித்திருக்கும் ஆளும், மலையில் இருப்போரின் பெயர்ப்பட்டியலும், இறங்கும் வழியும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

நகரத்து அடுக்களைக்கும் இது பொருந்தும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆதலால் அதற்கான உணர்கருவியைத் தரைக்குச் சற்று மேலே பொருத்துங்கள். அது ஒலித்தால் எந்த மின்விசையையும் தொடாதீர்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இன்றே கற்றுக்கொடுங்கள்.