செட் (ஆங்கிலச் சொல்)

செட் என்பது ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை உடைய சொற்களுள் ஒன்றாகும். மூன்றே எழுத்துகளாலான இச்சொல் பெயராகவும் வினையாகவும் பெயரடையாகவும் வழங்குகிறது. 1989 இல் வெளியான ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு செட் என்னும் வினைக்கு உரியது. அதில் தனிவினைக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள் தரப்பட்டுள்ளன. கூட்டுவினைகளையும் மரபுத்தொடர்களையும் சேர்த்தால் இது ஏறத்தாழ 580 ஆகும். இவற்றை விளக்க 60,000 சொற்கள் தேவைப்பட்டன.

மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் இச்சாதனையை 2000 இல் மேக், 2007 இல் புட், 2011 இல் ரன் (645 பொருள்கள்) ஆகிய வினைகள் அடுத்தடுத்து முறியடித்தன. எனினும் புதிதாகத் திருத்தப்பட்ட பதிவுகளைப் பழைய பதிவு ஒன்றுடன் ஒப்பிட்டே இவ்வரிசை கூறப்பட்டது என்பதால், இதனை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது.

சொற்பிறப்பு

செட் உண்மையில் ஒரு சொல் அன்று. இரு வேறு சொற்கள் ஒரே வடிவில் வந்து சேர்ந்தவை. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் செட்டன் என்பதிலிருந்து வந்தது. உட்காருதலைக் குறிக்கும் சிட் என்னும் தன்வினையின் பிறவினை இது. தமிழில் இரு – இருத்து, அமர் – அமர்த்து என்பன எவ்வாறோ அவ்வாறே சிட் – செட் என்பனவும் அமைந்துள்ளன. ஓரிடத்தில் இருத்துதல் என்ற இந்த அடிப்படைப் பொருளை மனத்தில் கொண்டால் பல வழக்குகள் எளிதில் விளங்கும். கோழியை அடை வைத்தல், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுதல், நகையில் கல் பதித்தல், கடிகாரத்தில் நேரம் வைத்தல், தேர்வுக்கு வினாத்தாள் அமைத்தல் ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் இவ்வொரு வினையே போதும். சிமெந்துக் கலவை இறுகுவதும் ஞாயிறு மறைவதும் இதனாலேயே குறிக்கப்படுகின்றன.

தொகுதி என்னும் பொருளுடைய பெயர்ச்சொல்லோ, இலத்தீனின் செக்டா என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தினர் என்பது அதன் பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் செக்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதுவே மூலம். பின்னர் வினைச்சொல்லின் தாக்கத்தால் இரண்டும் பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிட்டன.

கணினியியலில்

கணினி நிரல்களில் இவ்விரு மூலங்களும் அருகருகே காணப்படுகின்றன. ஜாவா மொழியில் செட் என்று தொடங்கும் செயற்கூறு, பொதுவாக ஒரு பண்புக்கு மதிப்பை இடுகிறது. அதே மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கும் செட், ஓர் உறுப்பு இருமுறை இடம்பெறாத தொகுப்பைக் குறிக்கிறது. வன்பொருளில் ஒரு பிட்டை 1 ஆக்குவதும் செட் எனப்படும்.

மென்பொருள்களைத் தமிழாக்குவோருக்கு இது நடைமுறைச் சிக்கலாகிறது. பொத்தான் ஒன்றில் செட் என்று மட்டும் இருந்தால் அது அமை என்னும் கட்டளையா, தொகுதி என்னும் பெயரா என்பது தெரிவதில்லை. இவ்வினையின் இறந்தகால வடிவமும் எச்ச வடிவமும் மாறாதிருப்பதால், அமைக்கப்பட்டது என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. மொழிபெயர்ப்புக் கருவிகள் ஒரே சரத்துக்கு ஒரே மொழிபெயர்ப்பை எல்லா இடங்களிலும் பயன்படுத்தும்போது, ஓரிடத்தில் சரியான சொல் வேறோரிடத்தில் பொருந்தாமற் போகிறது. சரத்துடன் சூழல் குறிப்பையும் நிரலாளர் இணைத்துத் தருவதே இதற்குத் தீர்வாகும்.

தமிழில்

பேச்சுத் தமிழில் செட் பெரும்பாலும் பெயராகவே நுழைந்துள்ளது: பம்பு செட், செட் தோசை, படப்பிடிப்புக்குப் போடும் செட்.

கேன்ட்டர் 1874 முதல் வளர்த்த கோட்பாட்டில் மெங்கே என்னும் செருமன் சொல்லுக்கு ஈடாகவும் ஆங்கிலத்தில் செட் வழங்குகிறது. இக்கணிதப் பொருளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் தொடை என்றும் எழுதுகின்றன. இவையும் பலபொருள் ஒருசொற்களே. கூட்டத்தைக் குறிக்கும் கணமும் நொடிப்பொழுதைக் குறிக்கும் கணமும் வடமொழியின் இரு வேறு சொற்களிலிருந்து வந்து தமிழில் ஒரே வடிவம் பெற்றவை. தொடை என்பது எதுகை, மோனை முதலிய செய்யுள் உறுப்பையும், தொடுக்கப்பட்ட மாலையையும், உடலுறுப்பையும் குறிக்கும்.