புகையில்லாத அடுப்பங்கரையைக் கனவு கண்டவர்

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பொங்கிடாம பார்த்துக்கோடி" என்று பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் சொல்லி, கொல்லையில் காயப் போட்ட துணிகளை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தீய்ந்த நாற்றம் வீடு முழுக்க அடிக்கிறது! அவளோ அடுப்புக்கு நாலடி தள்ளி, தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பாடம்தான் எழுதுகிறாள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். 'கி.பி. 3000-ஆம் ஆண்டு. வரதராஜன்பேட்டை' என்று ஆரம்பித்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு எழுதற எழுத்தா இது? என்ன பேத்தல்!" என்று நோட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். திட்டினால் எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு என் அக்கா மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். எங்கள் ஊரில் பண்டிகைப் பலகாரம் என்றால் காஸ் அடுப்பெல்லாம் சரிப்படாது. கொல்லையில் கல் கூட்டி, முந்திரிச் சுள்ளியை வைத்து எரித்துத்தான் முறுக்கும் அதிரசமும் சுடுவோம். அன்றைக்கு ஈர விறகாக அமைந்துவிட்டது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, இருமல் வேறு. பேச்சுவாக்கில் நோட்டு விஷயத்தையும் சொல்லி, "விஞ்ஞானக் கதை எழுதணும்னா சுஜாதா மாதிரி பெரிய இன்ஜினீயரா இருக்கணும். அடுப்பங்கரையில உட்கார்ந்து எழுதற சமாசாரமா அது?" என்றேன்.

அவள் சிரித்தாள். "சித்தி, நம்ம நாட்டுல முதன்முதலா அந்த மாதிரிக் கதை எழுதினவங்கள்ல ஒருத்தங்க பள்ளிக்கூடத்து வாசப்படியே மிதிக்காத ஒரு வீட்டுப் பொம்பளைதான். அந்தக் கதையில முக்கியமா வர்றதே புகையில்லாத அடுப்பங்கரைதான். அது முதல்ல அச்சானது எங்க தெரியுமா? மெட்ராஸ்ல வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில!"

கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவள் சொன்னதையும், பிறகு அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் ரொக்கையா சகாவத் ஹுசேன். 1880-ல் வங்காளத்தில் ரங்பூர் பக்கம் பைராபந்த் என்ற கிராமத்தில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. வீட்டில் கடுமையான கோஷா. வெளி ஆண்கள் மட்டுமல்ல, உறவில்லாத பெண்கள் வந்தால்கூடச் சின்னப் பெண் ஓடி ஒளிய வேண்டுமாம். ஆண் பிள்ளைகளுக்குக் கல்கத்தாவில் பெரிய படிப்பு. பெண் பிள்ளைகளுக்கு வீட்டோடு வேதம் ஓதக் கற்றுக் கொடுத்ததோடு சரி. ஆங்கிலமும் வங்காளமும் அவர்களுக்குக் கூடாது.

ஆனால் அண்ணன் இப்ராஹிம் நல்லவர். ராத்திரி அப்பா தூங்கின பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாராம். அக்கா கரீமுன்னிஸா வங்காளம் சொல்லிக் கொடுத்தாராம். அந்த அக்காவும் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டவர்தான். விஷயம் தெரிந்ததும் அவருடைய படிப்பை நிறுத்தி, சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ரொக்கையாவுக்கும் இருபது வயது ஆகுமுன்பே கல்யாணம். மாப்பிள்ளை சகாவத் ஹுசேன் பீகாரில் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட். மனைவியை இழந்தவர், வயதும் ரொம்பக் கூட. கேட்கும்போதே நமக்குச் சங்கடமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த மனிதர் மனைவியை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்.

ஒரு சமயம் அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். வீட்டில் தனியாக இருந்த ரொக்கையா, பொழுது போகவும், தன் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு கதை எழுதினார். கணவர் திரும்பி வந்து, "என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று விசாரிக்க, எழுதினதை நீட்டினார். அவர் உட்காரக்கூட இல்லையாம். நின்றபடியே முழுதும் படித்து, ஆண்களை நன்றாகத்தான் பழிவாங்கியிருக்கிறாய் என்கிற மாதிரி சொன்னாராம்.

அந்தக் கதைதான் 'சுல்தானாவின் கனவு'. 1905-ல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' அதை வெளியிட்டது. 1901-ல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர் கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி. எங்கேயோ பாகல்பூரில் நாலு சுவருக்குள் இருந்த ஒருத்தி எழுதினதை நம் சென்னையில் இருந்த ஒருத்தி படித்து, இது அச்சேற வேண்டியது என்று தீர்மானித்திருக்கிறார். பெண்கள் பத்திரிகைதானே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் காது கொடுக்கட்டும்!

கதை இதுதான். சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த ஒரு பெண், கனவில் ஒரு புது நாட்டுக்குப் போகிறாள். பெண்கள் நாடு. தெருவில் ஆண்களே இல்லை! அவர்களெல்லாம் வீட்டுக்குள் கோஷாவில். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அவர்கள் பொறுப்பு. இவள் பழக்கதோஷத்தில் கூச்சப்பட்டு நடக்கிறாள். பார்த்தவர்கள், "ஐயோ பாவம், ஆம்பிளை மாதிரிக் கூச்சப்படுதே!" என்று சிரிக்கிறார்கள்.

அடுப்பங்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவில், பளிச்சென்று ஒரு சமையலறை. விறகில்லை, கரியில்லை, புகையில்லை. "எப்படிச் சமைக்கிறீர்கள்?" என்று இவள் கேட்கிறாள். சூரியனுடைய வெப்பத்தைச் சேமித்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து சமைக்கிறார்களாம்! அதைக் கண்டுபிடித்தது அந்த நாட்டுப் பெண்கள் பல்கலைக்கழகம். இன்னொரு பல்கலைக்கழகம், பலூனை மேலே அனுப்பி மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்க வழி கண்டுபிடித்திருக்கிறது. மின்சாரத்தால் உழுகிறார்கள். ஆகாயத்தில் பறக்கும் வண்டியில் போகிறார்கள். கொசுக்கடி இல்லை, கொள்ளை நோய் இல்லை. இருபத்தொரு வயதுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கிடையாது.

நான் வாய்விட்டுச் சிரித்த இடம் ஒன்று உண்டு. அந்த நாட்டில் ஆபீஸ் வேலை இரண்டே மணி நேரம். எப்படி முடிகிறது என்று கேட்டால் கணக்குச் சொல்கிறார்கள். ஒரு சுருட்டுப் பிடிக்க அரை மணி. ஒரு ஆண் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால், ஆறு மணி நேரம் அதிலேயே போச்சு! திண்ணையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு, கையிலிருந்த பீடியை மெதுவாக அணைத்துவிட்டு எழுந்து போனார்.

சிரிப்பு கிடக்கட்டும். வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்தது 1903-ல்தான். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'ஹெர்லாண்ட்' என்று பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி எழுதியது 1915-ல். அதற்கும் பத்து வருஷம் முன்பே நம் நாட்டுப் பெண் எழுதிவிட்டார். கல்யாண வயதை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் சாரதா சட்டம் வந்தபோதுகூடப் பெண்ணுக்குப் பதினாலு வயது என்றுதான் வைத்தார்கள். பதினெட்டு என்று ஆனது 1978-ல். கதையில் இருபத்தொன்று!

சூரியச் சமையலும் இன்றைக்குக் கனவில்லை. புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் பதினைந்து மீட்டர் அகலத்தில் பெரிய கிண்ணம் மாதிரிக் கண்ணாடி அமைத்து, சூரிய வெப்பத்தில் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் சமையற்கூடம் இருக்கிறது. ஆனால் புகை நம்மை முழுதாக விட்டுவிடவில்லை. வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகை பாதிப்பது அதிகமும் நம்மைப் போன்ற பெண்களையும், இடுப்பில் இருக்கும் குழந்தைகளையும்தான். காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் பலகாரத்துக்கும் விறகு மூட்டுகிற சகோதரிகள், திறந்த வெளியில், காய்ந்த விறகாகப் பார்த்து எரியுங்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிச் சுகமான கனவு எழுதினவருடைய வாழ்க்கை சுகமாக இருந்ததா என்றால், இல்லை. பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்துவிட்டன. கணவருக்கு நீரிழிவு. பத்தியச் சாப்பாடு பார்த்து, பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார். கணவருக்குக் கண் பார்வை போயிற்று. 1909-ல் அவரும் இறந்துபோனார். ரொக்கையாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெண் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லிக் கணவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த வருஷமே பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்தில் சச்சரவு வந்து அங்கே இருக்க முடியாமல் போனது. கல்கத்தாவுக்குப் போய் 1911-ல் எட்டு மாணவிகளோடு மறுபடி ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்! வீடு வீடாகப் போய், உங்கள் பெண்ணை அனுப்புங்கள், கோஷாவுக்குப் பங்கம் வராது என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறார்.

அந்தப் பள்ளி பஸ்ஸின் கதையை அவரே பிறகு எழுதியிருக்கிறார். வெளியார் பார்வை படக்கூடாது என்று பஸ்ஸை ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் அடைத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வாந்தி எடுத்து, மயங்கி விழுந்தார்கள். சரி என்று கொஞ்சம் திறந்து திரை போட்டால், திரை காற்றில் பறக்கிறது, கோஷா போச்சு என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். அதற்கு நடுவில்தான் அந்த அம்மாள் பள்ளியை நடத்தினார், கணக்குப் பார்த்தார், 1916-ல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ராத்திரியில் எழுதினார். கோஷாக் கொடுமைகளைத் தொகுத்து 'அவரோதபாசினி' என்று ஒரு புத்தகம் 1931-ல் வந்தது.

1932 டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். பெண்களின் உரிமையைப் பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை மேஜைமேல் பாதியில் இருந்தது. பங்களாதேஷில் அந்தத் தேதியை இன்றும் ரொக்கையா தினமாகக் கொண்டாடுகிறார்கள். கல்கத்தாவில் அவர் வைத்த பள்ளி, அரசுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. 2023-ல் ஸ்பெயின் நாட்டில் அந்தக் கதையை ஆதாரமாக வைத்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். 2024-ல் யுனெஸ்கோ தன் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அந்தக் கதையைச் சேர்த்தது.

எல்லாம் கேட்டு முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்காலி போட்டு ஏறி, பரண்மேலிருந்து நோட்டை எடுத்தேன். கூடத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள். அடுப்பங்கரை விளக்கைப் போட்டு உட்கார்ந்து படித்தேன்.

கி.பி. 3000-ல் எங்கள் ஊரில் முந்திரி மரங்கள் ஓடில்லாத கொட்டையாகக் காய்க்கின்றன. உடைக்க வேண்டியதில்லை, அப்படியே பறித்துத் தின்னலாம். அதனால் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கை கறுக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து, இந்த ஊர்ப் பெண்களின் கை ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரு பாட்டி, "எங்க கொள்ளுப் பாட்டிங்க கையெல்லாம் வேற மாதிரி இருந்துச்சு" என்று கதை சொல்ல ஆரம்பிக்கிறாள். அங்கேதான் பால் பொங்கியிருக்கிறது. கதை அதோடு நிற்கிறது.

என் அம்மா முப்பது வருஷம் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்தவர். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு மறுபடி உடைப்பார். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அந்தக் கைதான். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும்போது அம்மா கையை முந்தானையில் மறைத்துக்கொள்வார். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரியே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். என் மகள் பார்த்திருக்கிறாள். அதைத்தான் நான் பேத்தல் என்று பரண்மேல் போட்டேன்.

காலையில் பூசைக்குப் போய் வந்ததும் நோட்டை அவள் கையில் கொடுத்தேன். "அம்மாச்சிகிட்ட ஒருநாள் படிச்சுக் காட்டுடி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீங்க படிச்சீங்களாம்மா?" என்றாள். "ம், பாதியில நிக்குது. முடிச்சுடு" என்றேன். வேறு எதுவும் பேச எனக்கு வரவில்லை.

சகோதரிகளே, பிள்ளைகள் படிக்க வேண்டியதுதான், பரீட்சையும் முக்கியம்தான். அதற்கென்று நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நோட்டைப் பிடுங்குவதற்கு முன்னால் நாலு வரி படித்துப் பாருங்கள். ரொக்கையாவின் கணவர் நின்றபடியே படித்தாரே, அந்த மாதிரி. அவர் அதைப் படிக்காமல் மூலையில் போட்டிருந்தால், கமலா அம்மாள் கைக்கு அது போய்ச் சேர்ந்திருக்குமா?

இப்போது எங்கள் வீட்டில் புது ஏற்பாடு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் அவள் எழுதலாம். அந்த அரை மணியும் அடுப்பில் பால் இருந்தால் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டு தடவை பொங்க விட்டுவிட்டார். போகட்டும், பழகிக்கொள்வார்.